இருபத்தெட்டு அங்குலம் போதும் என்றார்கள்

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நடுநிலை இல்லை என்று யாரும் மூக்கைச் சிந்தக் கூடாது. "பொம்பளைக்கு, அதுவும் பரணுக்கு, இருபத்தெட்டு அங்குல வில்லு தாராளம், கண்ணு" என்று கடைக்காரர் புரோக்ஷ் சொன்னபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். அன்றைக்கு ஏறிய எரிச்சல் இன்னும் இறங்கவில்லை.

தொடக்கம் ஒன்று: "விஸ்கான்சின் வடகாட்டில், ஓக் இலைகளின் மேல் முதல் பனி..."

(அடித்துவிட்டேன். பனியில் தொடங்கினால் நீங்கள் போர்வையை இழுத்துக்கொண்டு ரசிக்க ஆரம்பித்துவிடுவீர்கள். ரசிக்கவா கூப்பிட்டேன்?)

தொடக்கம் இரண்டு: "லூவானின் கைகள் நீளமானவை."

இது போதும். இதுதான் கதையே.

2

லூவானும் நானும் ஒரே பள்ளிக்கூடத்துக்குப் பேருந்து ஓட்டுகிறோம். அவள் எழுந்து நின்றால் அவளுடைய அண்ணன் வெர்லின் அவள் காதுமட்டத்துக்குத்தான் வருவான். குடும்பத்தின் வேட்டைக் கொட்டகையில் அவளுக்கு அதுவரை ஒரே வேலை: பீன்ஸும் மான்கறியும் போட்டுக் காரக் குழம்பு கிண்டுவது. போன வருஷம்தான், பத்துத் தடவை கேட்டபிறகு, ஓக் மேட்டுப் பரணை* அவளுக்கு ஒதுக்கினார்கள். அந்தப் பரணுக்காக அவள் எத்தனை வருஷம் ஏங்கினாள் என்பது எனக்குத் தெரியும். தினமும் தேநீர் இடைவேளையில் கேட்டவள் நான்தானே.

* பரண் என்றதும் தினைப்புனமும் கிளியும் நினைவுக்கு வந்தால் தயவுசெய்து இறக்கிவையுங்கள். இவள் மரத்தில் கட்டிய இரும்புப் பரணில் வில்லோடு மானுக்குக் காத்திருப்பவள்.

வில் வாங்கக் கூட்டிப்போனவன் வெர்லின்; நானும் கூடப் போனேன். புரோக்ஷ் எடுத்து நீட்டியதை அவனே வாங்கி இழுத்துப் பார்த்தான்.

"கச்சிதமா இருக்குடி. எடுத்துக்கோ."

கவனித்தீர்களா? இழுத்துப் பார்த்தது அவன்.

அவளும் இழுத்தாள். "நாண் என் மூக்குல படவே இல்லையே?"

"கழுத்தைக் கொஞ்சம் முன்னால நீட்டு. பழகிடும்" என்றார் புரோக்ஷ்.

பழகிடும்! பெண்களுக்கு விற்கும் எல்லாச் சாமானோடும் இந்தச் சொல்லை இலவசமாகக் கட்டிக் கொடுப்பார்கள் போல.

(நியாயமும் பேசவேண்டும். காம்பவுண்ட் வில்லின் இரண்டு முனையிலும் உருளை உண்டு. ஓர் உருளையின் அச்சிலிருந்து மற்றதன் அச்சுவரை அளப்பதுதான் வில்லின் நீளம். பரணில் உட்கார்ந்து எய்பவருக்குச் சின்ன வில் சௌகரியம். கீழ்முனை முழங்காலில் இடிக்காது, மரத்தில் உரசாது. அதெல்லாம் சரி. ஆனால் நீளக்கை உள்ளவர் குட்டை வில்லை முழுக்க இழுத்தால் நாண் கூர்மையாக மடங்கி முகத்தைவிட்டு விலகி நிற்கும். நாண் ஒவ்வொரு தடவையும் முகத்தில் ஒரே இடத்தில் பட்டால்தான் குறி ஒன்றாக இருக்கும். இதைப் புரோக்ஷ் அறியாதவரா? நீளக்கை ஆண்களுக்குச் சொல்லித்தான் விற்கிறார்.)

3

அக்டோபரில் ஒரு கொம்பன் மான் அவள் பரணுக்குக் கீழேயே வந்து நின்றது. மேலிருந்து கீழே எய்யும்போது இடுப்பில் வளையவேண்டும். அவள், சொல்லிக் கொடுத்தபடி, கழுத்தை நீட்டினாள். அம்பு மானின் முதுகுக்கு மேலே போய் மண்ணில் குத்தியது.

வேட்டை நாட்களில் நானும் கொட்டகைக்குப் போவதுண்டு. அங்கே ஒரு வழக்கம். குறி தப்பியவரின் சட்டையில் பின்னால் தொங்கும் வாலைக் கத்தரித்துச் சுவரில் ஆணியடிப்பார்கள். லூவான் தானே திரும்பி நின்று கொடுத்தாள். எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். அந்தக் கத்தரிப்பில் எனக்கும் கோபமில்லை.

பிறகு வெர்லின் சொன்னான்: "இன்னொரு தடவை தப்பினா பரணை விட்டு இறங்கிடணும். மேட்டுப் பரணை வீணடிக்க முடியாது."

"வில்லு எனக்குச் சேரலடா."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்!"

(தங்கை 'டா' போடுகிறாளே என்று முகம் சுளிக்காதீர்கள், இங்கே பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், தொனிக்கு ஏற்றபடி நான்தான் மாற்றினேன். பழமொழியும் நான் போட்டதுதான். கூடம் நிஜமாகவே கோணலாக இருந்தால் ஆடுகிறவள் என்ன செய்வாள்? அதைக் கேட்க நம் பழமொழிக்கும் தோன்றவில்லை.)

4

வெர்லினைக் கெட்டவனாக எழுத ஆசைதான். முடியவில்லை. என் கார் பள்ளத்தில் இறங்கியபோது சங்கிலி கட்டி இழுத்துவிட்டவன். ஒரு நன்றிக்குக்கூட நிற்காமல் போனவன். நல்லவன் ஒருவன் தன் உடம்பையே ஊருக்கு அளவுகோலாக வைத்துக்கொண்டு, அதில் அடங்காதவர்களை...

(இந்த வாக்கியத்தை மூன்று நாளாக முடிக்கப் பார்க்கிறேன். கிடக்கட்டும்.)

பேருந்து நிறுத்துமிடத்தில் லூவானை வண்டியோரம் கைவிரித்து நிற்கவைத்து, தையல் டேப்பால் விரல்நுனிக்கு விரல்நுனி அளந்தேன். எழுபத்தேழு அங்குலம். அதை இரண்டரையால் வகுத்தால் அவள் நாணை இழுக்கும் நீளம் முப்பத்தொன்றுக்குக் கொஞ்சம் குறைவு. அத்தனை இழுப்புக்கு இருபத்தெட்டு அங்குல வில் ரொம்பக் குட்டை. பள்ளிப்பிள்ளைக் கணக்கு.

"இத்தனை நாள்ல ஒருத்தனும் என்னை அளக்கல, பாத்தியா?" என்றாள்.

அன்றைக்கே போய் முப்பத்தைந்து அங்குல வில்லுக்கு மாற்றினோம். புரோக்ஷுக்கு ஒரே சிரிப்பு. "பரணுக்கு ஏணியைத் தூக்கிட்டுப் போறியா, கண்ணு?"

"பரணுக்கு ஏத்த மாதிரி என் கையை வெட்டிக்கவா?" என்றாள் லூவான். அவர் ரசீது போட்டார்.

5

நவம்பரில் அவள் முதல் காரியமாக மேட்டுப் பரணின் முன்கம்பியைக் கழற்றிவைத்தாள். வெர்லின் கொட்டகைக்குள் நுழையும்போதே கத்தினான்.

"யாரைக் கேட்டுடி என் பரண்ல கை வெச்ச?"

"வில்லு கீழ்முனை கம்பியில இடிக்குது. நான் நின்னுதான் எய்வேன். இடுப்பு வாரை மரத்தோட கட்டியிருக்கேன், விழமாட்டேன்."

"ஊரே சின்ன வில்லோட உக்காந்து எய்யுது. மகாராணிக்கு மட்டும் தனிச் சட்டமா?"

அவள் சுவரைக் காட்டினாள். "தனிச் சட்டம் யாருக்குடா? இதுல உன் சட்டைவால் எத்தனை?"

அவளே ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினாள். பதினொன்று.

"இந்த வருஷம் மட்டும் ரெண்டு. எந்தப் பரணை விட்டு இறங்கின நீ?"

"அது வேற."

"எப்படி வேற?"

"வேறன்னா வேற. அவ்வளவுதான்."

மேசையைச் சுற்றி இருந்தவர்கள் தட்டைப் பார்த்துக்கொண்டார்கள்.

6

இனி முடிவு. என் பதிப்பாசிரியர் கேட்பது இது: விடிகிறது, பெரிய கொம்பன் வருகிறது, ஒரே அம்பு, அண்ணன் கண்கலங்கி அணைத்துக்கொள்கிறான். எழுதிப் பார்த்தேன், கிழித்துப் போட்டேன். மானை வீழ்த்தியதால் அவளுக்குப் பரண் என்றால், வெர்லின் போட்ட சட்டம் நியாயம் என்று நானே கையெழுத்துப் போட்டதாகாதா? குறி தப்புவதாகவும் எழுதிப் பார்த்தேன். அதில் அந்தச் சட்டம் இன்னும் ஜோராக நடந்தேறியது.

ஆகவே நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

மறுநாள் காலையில் லூவான் பரணிலிருந்து கொட்டகைக்குத் திரும்பினாள். அம்புக்கூட்டில் ஓர் அம்பு குறைந்திருந்தது. எல்லோரும் பார்த்தார்கள்.

"பட்டுச்சா?" என்றான் வெர்லின்.

அவள் கையைக் கழுவினாள். காப்பி ஊற்றிக்கொண்டாள். "பட்டிருந்தாலும், மான் ஓடி விழ விட்டு அரைமணி கழிச்சுத்தான் தேடப் போகணும். அதுக்குள்ள நீ ஒண்ணு சொல்லு. தப்பியிருந்தா, நாளைக்கு அந்தப் பரண் யாருக்கு?"

"பட்டுச்சான்னு முதல்ல சொல்லுடி."

"முதல்ல நீ சொல்லு."

வெளியே பனி தூற ஆரம்பித்தது. இரத்தத்தடம் என்று ஒன்று இருந்தால் அது மூடிப்போகும். அங்கிருந்த அத்தனை பேருக்கும் அது தெரியும், அவளுக்கும் தெரியும். அவள் காப்பியை ஆற்றிக்கொண்டிருந்தாள்.

வெர்லின் என்ன சொன்னான் என்று எனக்குத் தெரியும். அம்பு பட்டதா என்றும் தெரியும். சொல்லமாட்டேன். அவனைப் போலவே நீங்களும் முதலில் அதைத்தானே கேட்கிறீர்கள்? பரண் யாருக்கு என்று நீங்கள் முதலில் சொல்லுங்கள்.