வீட்டில் பூனை உண்டா?

பெங்களூர் அல்சூர் கண் மருத்துவமனையில் டாக்டர் வீணா, என் வலது கண்ணின் உட்புறத்தைத் திரையில் காட்டினார். ஆரஞ்சு நிற வட்டம், அதன் நடுவில் மஞ்சளாக ஒரு புள்ளி. இரண்டு மாதமாக யார் முகத்தைப் பார்த்தாலும் மூக்கு இருக்கும் இடத்தில் சாம்பல் அப்பியிருந்தது இதனால்தானாம். இந்தப் புள்ளி எதனால் என்பதுதான் அவருக்குப் பிடிபடவில்லை.

"கணேசமூர்த்தி, சுகர் இருக்கா?"

"இல்ல மேடம்."

"பிபி? டிபி வந்திருக்கா? கிரகணத்த வெறுங்கண்ணால பாத்தீங்களா?"

"இல்ல."

"வீட்ல பூனை இருக்கா?"

பூனையின் கழிவில் இருக்கும் கிருமிகூட விழித்திரையில் தழும்பு போடுமாம். எங்கள் பத்துக்குப் பத்து வீட்டுக்குள் ஒரு பூனை வந்தால் நாங்கள் வெளியே நிற்க வேண்டியதுதான். இல்லை என்றேன். என்ன வேலை என்று கேட்டார். "பீன்யாவுல ஒரு ஃபேக்டரில ஆபரேட்டர்" என்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

நான் ஓட்டுவது பளபளக்கும் பேரிங் வளையங்களில் லேசரால் எண் பொறிக்கும் மெஷின். அதன் கதவை மூடினால்தான் கதிர் வரும். ஒவ்வொரு வளையத்துக்கும் திறந்து மூடிக்கொண்டிருந்தால் டார்கெட் எட்டாது. அதனால் கதவு சென்சாரில் ஒரு காந்தத்தை ஒட்டி, மூடியிருப்பதாக அதை ஏமாற்றி, திறந்தபடியே ஓடவைத்தேன். வெல்டிங் வெளிச்சம் என்றால் எவனும் கண்ணாடி போடுவான். இந்தக் கதிர் கண்ணுக்கே தெரியாது, தெரியாதது என்ன செய்துவிடும் என்று நினைத்தேன். என் மூளைக்கு எட்டியது அவ்வளவுதான். இப்போது வாயைத் திறந்தால் வேலை போய்விடும்.

"கிருமியா இருந்தா கூட இருக்கிறவங்களுக்கும் இருக்கலாம். நீங்க உக்காருங்கம்மா, கொஞ்சம் மேல பாருங்க" என்று டாக்டர், துணைக்கு வந்த என் மனைவி சரளாவைக் கூப்பிட்டார். அவளுக்கும் அதே மெஷின்தான், இரண்டாவது ஷிஃப்ட். காந்தத்தை எங்கே ஒட்டுவது என்று அவளுக்குக் காட்டிக் கொடுத்தவனும் நான்தான்.

அவள் இடது கண்ணிலும் மஞ்சள் புள்ளி.

நான் சரளாவின் பக்கம் திரும்பினேன். டாக்டரோ தெளிந்துவிட்டார். "அப்ப இன்ஃபெக்‌ஷன்தான். ரெண்டு பேரும் பிளட் டெஸ்ட் குடுத்துட்டு மாத்திரைய ஆரம்பிங்க."

"எவ்ளோ நாளா இப்படி?" என்று சரளாவிடம் கேட்டேன்.

"தீபாவளிக்கு முன்னாலேந்து. உங்களுக்கே முடியல, இதுல நான் வேறயான்னு விட்டுட்டேன்."

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்கள். நான் அவளுக்கும் சேர்த்து வைத்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

"மேடம், கிருமி இல்ல. லேசர்" என்று ஆரம்பித்து, காந்தம் வரை எல்லாவற்றையும் சொன்னேன்.

டாக்டர் மாத்திரைச் சீட்டைக் கிழித்துப் போட்டார். "இந்தத் தழும்பு போகாது. மிச்சம் இருக்கிற பார்வையக் காப்பாத்திக்கணும். இப்ப அந்த மெஷின்ல யாரு?"

"எனக்குப் பதிலா உத்தமன் நிக்கிறான். காந்தம் அப்படியேதான் இருக்கு."

சரளா உடனே உத்தமனுக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவன் ஒழுங்கான வேலைக்காரன். ஷிஃப்டில் போனைத் தொட மாட்டான், வளையத்தை விட்டுக் கண்ணை எடுக்கவும் மாட்டான்.