மூச்சுக் கோடு

"அந்தப் பொண்ணு உங்கள டா போட்டுப் பேசுச்சா? யார்கிட்ட கதை..."

"கதை இல்லடி, காதுல விழுந்தத..."

"காதுல பஞ்சு. அதுக்கு மேல ஹெட்ஃபோன். மெஷின் வேற தடதடன்னு அடிக்குது. இதுல இவருக்கு மட்டும் டா கேட்டுச்சாம்."

"நிறுத்துடான்னாங்க. மூச்ச நிறுத்தினேன். அவ்வளவுதான்."

உடை மாற்றும் அறையின் வாசலில், எம்.ஆர்.ஐ. எடுத்த பெண் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். தாறுமாறாகத் துடித்த பெரியவரின் இதயத்துக்குள் மூன்று மாதத்துக்கு முன் குழாய் விட்டு, கோளாறு கிளம்பும் இடத்தைச் சுற்றி வட்டமாகச் சுட்டிருந்தார்கள். சுட்ட இடம் முழுத் தழும்பாகி மூடியிருக்கிறதா, எங்காவது இடைவெளி விட்டிருக்கிறதா என்பது இந்தப் படத்தில்தான் தெரியும். இடைவெளி இருந்தால் மறுபடி சூடு. இன்னொரு சூடு இவர் தாங்கமாட்டார் என்று மனைவிக்குப் பயம். காலையிலிருந்து லிஃப்ட் கதவைக்கூடத் திட்டிக்கொண்டிருந்தாள்.

"நான் எல்லாரையும் வாங்க போங்கன்னுதாம்மா சொல்வேன்," என்றாள் அந்தப் பெண். "அதுவும் கடைசிப் படத்துக்கு நான் பேசவே இல்ல. அதுல இஷ்டத்துக்கு மூச்சு விடலாம். மூச்சு அடங்குற நேரமாப் பாத்து மெஷினே எடுத்துக்கும். பத்து நிமிஷம் ஆகும்."

"ஆச்சா?"

"நாலே நிமிஷத்துல முடிஞ்சிடுச்சு."

மனைவியைக் கூட்டிப்போய்க் காட்டினாள். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம், திரையில் இரண்டு கோடுகள். மேலே இதயம், துடிப்புத் துடிப்பாக, ஒழுங்காக. கீழே மூச்சு. அலைபோல ஏறி இறங்கவேண்டிய அது இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை அளவுகோல் வைத்து இழுத்ததுபோல் கிடந்தது.

"நாலு நிமிஷம் மூச்சடக்க அவரு என்ன முனிவரா? ரெண்டு படி ஏறினா கைப்பிடியத் தேடுற மனுஷன்."

"தழும்பு இவ்வளவு தெளிவா நான் பாத்ததே இல்லம்மா. ஆனா மூச்சே பதியாத படத்த நம்பி டாக்டருக்கு அனுப்ப முடியாது. அவரு திரும்ப உள்ள போகணும்."

மனைவி திரும்பி வந்தபோது அவர் கவுனோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். எழுபத்திரண்டு வயது மனிதரை டா என்று கூப்பிட யார் மிச்சம் என்று அவள் யோசித்துப் பார்த்தாள். வாத்தியார் இல்லை. கூட்டாளிகள் இல்லை. சின்ன வயதில் கண்ணாமூச்சி ஆடும்போது கட்டிலுக்கடியில் ஒளிந்துகொண்டு, தம்பியான இவர் வாயைப் பொத்தி, 'மூச்ச நிறுத்துடா, வர்றாங்க' என்று சொல்லும் ஒருத்தி இருந்தாள். இதே நெஞ்சுப் படபடப்பில் எட்டு வருடத்துக்கு முன் போய்விட்டாள்.

"பெரியக்காவா?"

தலையசைத்தார்.

"படமும் வேணாம், ஒண்ணும் வேணாம். சட்டைய மாட்டுங்க, வீட்டுக்குப் போலாம்."

அவர் எழுந்திருக்கவில்லை. கவுனின் முடிச்சு நெஞ்சின் மேல் அசையாமல் இருந்தது. அவள் கையை வைத்துப் பார்த்தாள். உள்ளே துடிப்பு, இத்தனை வருடம் இல்லாத ஒழுங்கோடு. அது மட்டும்தான்.

"மூச்ச விடுங்க."

உதடு மட்டும் அசைந்தது. "இரு. அக்கா இன்னும் விடச் சொல்லலையே."

நாற்பத்தாறு வருடத்தில் அவரை அவள் நீ என்றுகூடச் சொன்னதில்லை. காதருகே குனிந்தாள்.

"போயிட்டாங்கடா. மூச்ச விடுடா."