ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வருகிறவன்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை பக்கத்துப் பண்ணை பெவ் போட்ட சத்தத்தில் பிறந்தது.

"ஏன்டி நோரீன், காலைல ஒன்பது மணிக்கு மழை அளவைப் போடலாம்னு உட்கார்ந்தா உன் வெப்சைட் சுத்திக்கிட்டே கிடக்கு! டீயே ஆறிப்போச்சு."*

மெர்ரடின் ஊருக்கு வடக்கே எங்கள் கோதுமைப் பண்ணைகளில் எல்லார் வேலியிலும் ஒரு மழைமானி உண்டு. ஒன்பது மணிக்குப் பார்த்து, எத்தனை மில்லிமீட்டர் என்று தளத்தில் போடுவோம். பிறகு அடுத்தவன் அளவைப் பார்த்து வயிறெரிவோம். தளத்தைக் கட்டியது என் தம்பி மெர்வின். இப்போது கவனித்துக்கொள்வது நான்.

(*பெவ் இதைப் படித்தால் அது காபி என்பாள். போகட்டும்.)

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'தனியாக வாழும் ஒரு பெண், தன் தளத்துக்கு யார் வருகிறார்கள் என்று ஒருநாள்...'

சீ! யாரோ ஒரு பெண்ணாம். நான்தான் அது. அறுபத்து மூன்று வயது. கெட்டில் விசில் அடித்தால்தான் வீட்டில் சத்தம்.

வருகைப் பதிவைத் திறந்தால், ஒரே நாளில் நாலாயிரம் பேர். பூரித்துப் போனேன். [இதை அடித்துவிட நினைத்தேன். இருக்கட்டும்.] பிறகு பிரித்துப் பார்த்தால், மனுஷர் பதினோரு பேர். மற்றதெல்லாம் இயந்திரம், இணையத்தில் தானாகச் சுற்றும் நிரல்கள். அவை செய்த நெரிசலில்தான் பெவ்வின் டீ ஆறியது.

கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. மனுஷன் தடுமாறுவான். ஒரு பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டு நாயைத் திட்டப் போவான். இயந்திரம் நொடிக்கு முப்பது பக்கம் புரட்டும், எங்களிடம் இல்லாத கதவையெல்லாம் தட்டிப் பார்க்கும். சில பெயர் சொல்லிக்கொண்டு வரும், சில மனுஷ வேஷம் போடும். ஒவ்வொன்றாகத் தடுத்தேன்.

ஒன்று மட்டும் மிஞ்சியது. சரியாக ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வரும். முதல் பக்கத்தைக் கேட்கும், கிடைத்ததும் போய்விடும். அது மெர்வின் வைத்துவிட்டுப் போன காவல். தளம் பதில் சொல்லாவிட்டால் அவனுக்கும் எனக்கும் செய்தி அனுப்பும். தளம் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்வரை யாரிடமும் எதுவும் பேசாது.

3

இனி மெர்வினை எழுத வேண்டும். முதல் வரைவில் அவனைக் கோபக்காரனாக்கினேன். பொய். வாய்த்துடுக்கு என்னுடையது.

அப்போது மூன்று வருடமாகச் சரியான மழையில்லை. அந்த நேரம் பார்த்து இயந்திரங்கள் எங்கள் படிவத்தில் கண்ட கண்ட எண்களைக் கொட்டின. நான் ஒரு விதி போட்டேன்: பக்கத்துப் பண்ணைகளைவிட மூன்று மடங்குக்கு மேல் வந்தால் குப்பை, தள்ளிவிடு. அந்த வாரம் எல்லாரும் நாலு, ஐந்து என்று போட்டார்கள். மெர்வின் முப்பத்தொன்று போட்டான். விதி தள்ளிவிட்டது.

ஊர்க் கூடத்தில் எல்லார் முன்னாலும் கேட்டான். "அக்கா, என் மழை எங்க?"

"முப்பத்தொண்ணா? உன் நாய் காலைத் தூக்கியிருக்கும்டா, போய்ப் பாரு!"

கூடமே சிரித்தது. பெவ்வுக்குப் புரையேறியது.

"நான் பொய் சொல்றேங்கிறியா?"

"நான் எங்கடா சொன்னேன்? விதி சொல்லுது."

இரண்டு வாரத்தில் அவன் நிலம் மட்டும் பச்சையாயிற்று. ஒரே மேகம் ஒருத்தன் வேலிக்குள் கொட்டிவிட்டுப் போவது இங்கே நடக்கும். எனக்குத் தெரியாததா? மன்னிப்புக் கேட்க அவன் கேட்வரை போய், வண்டியை விட்டு இறங்காமல் திரும்பினேன். [இந்த வரியை மூன்று முறை அழித்தேன்.] அறுவடை முடிந்ததும் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு தெற்கே கடற்கரை ஊரான எஸ்பெரன்ஸுக்குப் போய்விட்டான். நாலு வருடமாகிறது. போன் அடித்தால் எடுப்பதில்லை.

4

நேற்று காலை ஒன்பதே காலுக்கு அந்தக் காவலையும் தடுத்தேன். தளம் நன்றாகத்தான் ஓடியது. அதற்கு மட்டும் கதவைச் சாத்தினேன். வேண்டுமென்றேதான்.

முடிவு ஒன்று: போன் அடிக்கிறது. "என்னக்கா, எதையாவது நோண்டினியா?" இதை எழுதிவிட்டு அழுதேன். நடக்கவில்லை.

முடிவு இரண்டு: அவன் அந்த முகவரியை எப்போதோ மூடிவிட்டான். செய்தி எனக்கு மட்டும் வருகிறது. இதைத்தான் எதிர்பார்த்திருந்தேன்.

நடந்தது: ஒன்பது இருபதுக்கு 'தளம் பதில் சொல்லவில்லை' என்று வந்தது. ஒன்பது இருபத்திரண்டுக்கு இன்னொன்று: 'செய்தியைப் பார்த்தவர்: மெர்வின்.'

இரண்டே நிமிடம்! நாலு வருடம் கழித்து, இரண்டே நிமிடம்.

கொஞ்ச நேரத்தில் பதிவில் பன்னிரண்டாவது ஆள், எஸ்பெரன்ஸிலிருந்து. முதல் பக்கத்தைப் பார்த்தான். தளத்துக்கு ஒன்றுமில்லை என்று அப்போதே தெரிந்திருக்கும். போகவில்லை. நாலு வருடத்துக்கு முந்தைய அந்த நாளின் பக்கத்தைத் திறந்தான். அவன் பெயருக்கு எதிரே இன்னும் வெறுமையாகத்தான் இருந்தது. இத்தனை நாளில் அதைக்கூட நான் திருத்தவில்லை, பாவி.

5

இன்று காலை விதியை நீக்கினேன். அந்த இடத்தில் முப்பத்தொன்று போட்டேன்.

காவலை இன்னும் திறக்கவில்லை. திறந்தால் 'எல்லாம் சரியாகிவிட்டது' என்று அவனுக்குச் செய்தி போய்விடும். என் வாயால் சொல்லாமல் அது எப்படிச் சொல்லலாம்?

போன் கையில் இருக்கிறது. நான் அடித்தேனா, அவன் எடுத்தானா என்பதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு வரவில்லை. பதிவில் பன்னிரண்டாவது ஆள் மறுபடி வந்திருக்கிறான். அதே பக்கம். திறக்கிறான், மூடுகிறான், திரும்பத் திறக்கிறான்.

மனுஷன்தான்.