லோகன் அண்ணனின் நான்காவது மாரடைப்பு

என் கருவியை நம்பினால் லோகன் அண்ணன் மூன்று முறை மாரடைப்பில் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அவரோ கேண்டீனில் மூன்றாவது ரொட்டி சானாயைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

மாரடைப்பு வந்தால் ரத்தத்தில் ஒரு புரதம் கசியும். ரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தில் ஒரு சொட்டை நக அளவு மின்முனையில் விட வேண்டும். புரதம் இருந்தால் திரையில் கோடு எழும்பும். இதற்காகத்தான் ஸ்ரீ கெம்பாங்கான் ஆய்வுக்கூடத்தில் நான்கு வருடம் உயிரை விட்டேன். நோயாளிகளுக்குக் கோடு எழும்பியது. எங்கள் லேப் உதவியாளர் லோகன் அண்ணன்தான் ஒப்பிட்டுப் பார்க்க ஆரோக்கியமான ஆளாக ரத்தம் கொடுப்பவர். அவருக்கும் எழும்பித் தொலைத்தது! டாக்டர் அவரைச் சோதித்துவிட்டு, இதயம் கல்லுக்குண்டாக இருக்கிறது என்றார். அப்படியானால் குப்பை என் கருவிதான்.

"வெள்ளிக்கிழமை கடைசி டெஸ்ட், விஷ்ணுப்ரியா. சரி வரலன்னா ப்ராஜெக்ட க்ளோஸ் பண்ணிடலாம்," என்றார் பேராசிரியர் பரமேஸ்வரன்.

வெள்ளிக்கிழமை காலை, ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் அண்ணன் இரண்டு மாத்திரையை வாய்க்குக் கொண்டுபோவதைப் பார்த்துவிட்டேன்.

"என்னண்ணே அது?"

"வலி மாத்திரை லா."

"எங்க வலிக்குது?"

"இன்னும் வலிக்கல. நர்ஸ் ஊசி போட்டாதானே வலிக்கும்? எப்பவும் ஒரு மணி நேரம் முன்னாடியே போட்டுருவேன்."

அடப்பாவி மனுஷா! அந்த மாத்திரை ரத்தத்தில் கலந்தால் அதுவும் கோடு எழுப்பும், என் புரதம் எழுப்பும் அதே இடத்தில்.

"தைப்பூசத்துக்குக் கன்னத்துல அலகு குத்திக்கிட்டு பத்துமலை ஏறுறீங்க! இந்தத் துக்கடா ஊசிக்கு மாத்திரையா?"

"அங்க முருகன் பாத்துக்குவாரு, தங்கச்சி. இங்க நர்ஸ் மட்டும்தானே லா."

மாத்திரையைப் பிடுங்கிக்கொண்டேன். நர்ஸ் ஊசியை எடுத்ததும் அண்ணன் முகம் வெளுத்துவிட்டது. வேறு வழி தெரியாமல், "வேல் வேல்!" என்று கத்தினேன். பேராசிரியர் முறைத்தார். பிறகு அவரே, "வெற்றிவேல்!" என்றார். லேப் முழுக்க முழங்கியது. அண்ணன் கண்ணை இறுக மூடிக் கையை நீட்டினார்.

சீரத்தைப் பிரித்து, மின்முனையில் சொட்டு விட்டேன். கோடு நகர்ந்தது. எழும்ப வேண்டிய இடம் வந்தது. எழும்பவே இல்லை. படுத்தபடியே போய் முடிந்தது.

நான் குதித்த குதியில் நாற்காலி கவிழ்ந்தது.

"மாத்திரை போட்டவங்களுக்கும் சரியா காட்டணும். அடுத்த வருஷம் அதைப் பாருங்க," என்றார் பேராசிரியர். அடுத்த வருஷம்! எனக்குக் கண்ணீர் கொட்டியது, சிரிப்பும் அடங்கவில்லை.

"அப்ப எனக்கு மாரடைப்பு இல்லயா?" என்றார் லோகன் அண்ணன்.

"இல்லவே இல்லண்ணே!"

"அப்ப அந்த மாத்திரையக் குடு. இப்ப நெசமாவே வலிக்குது லா."