செம்பருத்தி குடித்த தண்ணீர்

சாக்குத் தைக்கும் கிடங்கில் பகலெல்லாம் குனிந்து, முதுகு விட்டுப்போய் வீடு திரும்பினாள் சின்னவள். வாசலில் கால் வைத்ததும் கண்ணில் பட்டது துடைத்து விட்டதுபோல் கிடந்த பாத்தி. காலையில் அவள் போர்த்திவிட்டுப் போன சருகில் ஒரு துணுக்கு இல்லை. சாமந்திச் செடிகள் தலை தொங்கி நின்றன. முற்றத்துக் கோடியில் புகை.

உச்சந்தலைவரை கோபம் ஏறியது அவளுக்கு.

அவள் வாழ வந்த புதிதில், புருஷனுடைய அண்ணியான பெரியவள் பெரிய மனசு பண்ணிக் கொடுத்த மூலை அது. "செம்பருத்திக்கு முன்னாடி சும்மாதானே கெடக்கு, எதையாச்சும் நட்டுக்கோ." அடுப்படி பெரியவளுடையது, அலமாரி பெரியவளுடையது, சாவிக்கொத்து அவள் இடுப்பில். சின்னவளுக்கு அந்த முழ அகல மண். குடம் குடமாய் ஊற்றியும் மறுநாளே பொரிந்து கிடக்கும். செம்பருத்தி மட்டும் தளதளவென்று கொழுத்தது. "உன் கைராசிடி!" என்று சிரிப்பாள் பெரியவள்.

போன வாரம் கொத்திக் கிளறியபோதுதான் சங்கதி தெரிந்தது. சிக்குப் பிடித்த தலைமுடிபோல் மண் முழுக்கச் செம்பருத்தி வேர். ஊற்றியதெல்லாம் அங்கே போயிருக்கிறது. ஆத்திரத்தில் வெட்டத்தான் கை போனது. ஆனால் புதர் பட்டுப்போனால் பழி இவள் தலையில் விடியும். தடித்த வேர்களைத் தொடாமல், இடுக்கு இடுக்காகக் குழி பறித்து மக்கிய எருவைத் திணித்தாள். சுற்றிக் கரை கட்டி, ஒரே வீச்சில் கொட்டாமல் சொம்பு சொம்பாக ஊறவிட்டாள். இன்று காலையில்தான் மேலே சருகு போர்த்தினாள், தண்டை ஒட்டாமல்.

"அக்கா! பாத்தியில கெடந்த எலையெல்லாம் எங்க?"

துடைப்பத்தோடு வந்தாள் பெரியவள். "அந்தக் குப்பையா? கூட்டிக் கொளுத்திட்டேன். இது வாசலா, மாட்டுக் கொட்டாயா?"

"குப்பை இல்லக்கா, மூடாக்கு. மண்ணு காயாம இருக்கப் போட்டது."

"பேரு வச்சிட்டா குப்பை தங்கமாயிடுமா?"

"உங்க செடி என் தண்ணிய இத்தன நாளா உறிஞ்சிச்சு. வாயத் தொறந்தேனா நான்?"

புருஷன் எட்டிப் பார்த்தான். "விடேன்டி, ரெண்டு செடிக்குப் போயி..."

"நீ சும்மா இருய்யா! இந்த வீட்டுல நான் வச்சது வச்ச எடத்துல இருக்கறது இங்க ஒண்ணுதான். அதுவும் பொறுக்கலியா உங்களுக்கு?"

உள்ளே எதையோ தொலைத்தவன்போல் அவன் திரும்பிப் போய்விட்டான்.

சின்னவள் விடுவிடுவென்று போய் நெருப்பின்மேல் வாளித் தண்ணீரைக் கவிழ்த்தாள். எரியாத சருகைக் கையாலேயே இழுத்தாள். விரல் சுட்டது. வாரிக்கொண்டு வந்து, பெரியவள் பார்க்கப் பார்க்கப் பாத்தியில் கொட்டினாள்.

"நான் வந்தப்ப மாமியாரு என் கையில குடுத்தது இந்தத் தொடப்பத்த மட்டுந்தான், தெரியுமா?" பெரியவளின் குரல் உடைந்தது. "அன்னையிலிருந்து இந்த வாசல்ல ஒரு தூசி தங்க விட்டதில்ல."

"அதுக்கு நான் என்னக்கா பண்ணட்டும்?"

பெரியவள் முறைத்தாள். "இனிமே அந்த மூலைய நான் கூட்ட மாட்டேன். நாறிக் கெடக்கட்டும்."

"கெடக்கட்டும்."

பெரியவள் கதவைப் படாரென்று சாத்தினாள். சின்னவளுக்குக் கோபம் இம்மியும் இறங்கவில்லை. முணுமுணுத்துக்கொண்டே தண்டோரத்துச் சருகை விலக்கிவிட்டு, சொம்பை எடுக்கப் போனாள்.