பதினெட்டாம் குடுவை

செடிகளில் இருக்கும் ஃபிளாவனாய்டு என்ற மஞ்சள் பொருள் எண்ணெயில் எளிதில் கரையாது. நொதியின் உதவியால் அதோடு ஒரு கொழுப்பு அமிலத்தை ஒட்டவைத்தால் கரையும். எந்தச் சூட்டில், எவ்வளவு ஈரத்தில் அதிகமாக ஒட்டுகிறது என்று பார்க்கத்தான் அக்கா மூன்று மாதமாக ஆய்வகத்தில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். கரைப்பது அயனித் திரவத்தில். அறைச் சூட்டிலேயே திரவமாக நிற்கும் ஒரு வகை உப்பு. நிறமில்லை, வாசனையில்லை. வந்ததை அளந்து சொல்பவள் அடுத்த அறையில் மெஷின் ஓட்டும் தங்கை.

செவ்வாய்க்கிழமை காலை அவள் தாளோடு வந்தாள்.

"பதினெட்டாம் நம்பர்ல என்ன போட்ட?"

"அதுல என்சைமே கிடையாதுடி. ஒப்பிட்டுப் பாக்க வச்சது."

"அதுலதான் தொண்ணூத்தாறு பர்சென்ட் ஒட்டியிருக்கு."

அக்கா சிரித்துவிட்டாள். நொதி போட்டே எழுபதைத் தாண்டியதில்லை. குடுவையைச் சரியாகக் கழுவியிருக்க மாட்டார்கள் என்று முடிவுகட்டி, புதுக் குடுவையில் தன் கையாலேயே வைத்தாள். மறுநாள் தொண்ணூற்றேழு. வியாழக்கிழமை கொழுப்பு அமிலத்தையும் போடவில்லை. அப்போதும் ஒட்டியிருந்தது.

"மெஷின் மேல பழி போடாத," என்றாள் தங்கை. "மத்தவங்க சாம்பிள் எல்லாம் சரியாத்தான் வருது."

வெள்ளிக்கிழமை அக்கா வெறும் அயனித் திரவத்தை மட்டும் ஊற்றி மூடினாள். நாற்காலியை இழுத்துப்போட்டு எதிரே உட்கார்ந்தாள். ஜன்னலில் நல்ல வெயில். கண்ணெடுக்காமல்தான் பார்த்தாள், ஆனாலும் எப்போது ஆரம்பித்தது என்று அவளால் சொல்ல முடியவில்லை. தண்ணீர் மாதிரி இருந்தது, மதியத்துக்குள் மஞ்சளாகியிருந்தது.

பின்னால் தங்கை வந்து நின்றாள்.

"விளையாடாதக்கா. நீதான ஏதோ போட்ட?"

"எனக்கு நானே குழி தோண்டிக்குவேனா?"

நொதி இல்லாமலே தொண்ணூற்றாறு என்ற முதல் நாள் கணக்கை மட்டும் எழுதிக் கொடுத்தால் ஆய்வுப் பட்டம் வீடு தேடி வரும். அக்கா நடந்ததை நடந்தபடியே நோட்டில் எழுதினாள். பிறகு அந்த அயனித் திரவத்தை அப்புறப்படுத்த ரசாயனக் கழிவு எடுப்பவரைக் கூப்பிட்டாள்.

"அலமாரில திறந்திருக்கற பாட்டில மட்டும் எடுத்துக்கங்கண்ணே. பக்கத்துல இருக்கறது புதுசு, சீல்கூட உடைக்கல."

அவர் அலமாரியைத் திறந்து இரண்டு பாட்டில்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எதும்மா புதுசு? ரெண்டும் மஞ்சளாத்தான இருக்கு."

அக்கா போய் விரலால் தடவிப் பார்த்தாள். சீல் ஒரு கீறலும் இல்லாமல் இருந்தது.

இரண்டையும் கொடுத்தனுப்பினாள். திங்கட்கிழமை வேறு தலைப்பு கேட்டு விண்ணப்பம் கொடுத்தாள். காரணம் என்ற இடத்தை நிரப்பவில்லை. சின்ன விஷயத்தையும் நோண்டி நோண்டிக் கேட்கும் வழிகாட்டிப் பேராசிரியர், வாங்கிக் கையெழுத்துப் போட்டார். ஏன் என்று கேட்கவே இல்லை.