கிரேயான் பளபளப்பு

அலுவலகத்தில் அவனுக்குப் பசை என்று பெயர். காகிதம், பஞ்சு, பட்டன், பழைய ஃபோட்டோ என்று கையில் கிடைத்ததையெல்லாம் வெட்டி ஒட்டி, விளம்பரப் படங்களில் நடக்கவிடுவான். பொம்மையை மயிரிழை நகர்த்த வேண்டும், ஒரு படம் எடுக்க வேண்டும், மறுபடி நகர்த்த வேண்டும். பொறுமையில் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை என்பார்கள். அந்தப் பொறுமை அன்று மட்டும் எங்கே போய்த் தொலைந்ததோ தெரியவில்லை.

வேலை ஒரு பால்பொடி விளம்பரம். நிஜ மேசை, நிஜக் கண்ணாடி டம்ளர், அதை நோக்கி நடந்து வரும் காகிதக் குடும்பம். குழந்தை வரைந்தது போலவே இருக்க வேண்டும் என்று கம்பெனி ஒற்றைக்காலில் நின்றது. பசை இடது கையால்கூட வரைந்து பார்த்தான்.

"பெரிய ஆளு குழந்தை வேஷம் போட்ட மாதிரி இருக்கு" என்று இயக்குநர் அம்மா உதட்டைப் பிதுக்கினாள்.

அப்போதுதான் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் மகள் வரைந்து ஒட்டியிருந்த படம் நினைவுக்கு வந்தது. அப்பா, அம்மா, நடுவில் மகள், மூவரும் கை கோத்து நின்றார்கள். விரலெல்லாம் கிடையாது. கைகள் சேரும் இடத்தில் ஆரஞ்சு கிரேயானை அழுத்தித் தேய்த்த உருண்டைதான். அழுத்திய அழுத்தில் கிரேயானே ஒடிந்து போயிருந்தது.

"அப்பா இதை ஆபீசுக்கு எடுத்துட்டுப் போகட்டுமா கண்ணு?"

"திருப்பித் தந்துடுவீங்கல்ல?"

"அப்படியே கொண்டு வந்து தருவேன்."

அசலில் கத்தி வைக்கக் கூடாது என்பது அந்தத் தொழிலின் அரிச்சுவடி. பிரிண்ட் எடுத்துத்தான் வெட்டுவார்கள். அவனும் எடுத்தான். ஆனால் விளக்கைச் சாய்த்து வைத்ததும் பிரிண்ட் சாயம் போன துணி மாதிரி கிடந்தது. அசலிலோ மெழுகு ஏறிய இடமெல்லாம் மின்னியது, தாளை நகர்த்தினால் மினுக்கமும் சேர்ந்து நகர்ந்தது. ஆசை யாரை விட்டது? திரும்ப ஒட்டிக்கொடுத்துவிடலாம், நமக்குத் தெரியாத வித்தையா என்று கத்தியை எடுத்தான் அந்த மகாராஜன்.

தனித்தனியாக நடக்க வேண்டுமானால் கைகளைப் பிரித்தாக வேண்டும். வெட்டியபோது ஒரு உருண்டை அவனோடும் இன்னொன்று மனைவியோடும் போய்விட்டது. மகள் மணிக்கட்டோடு நின்றாள். அவளுக்கு அவனே இரண்டு கைகள் வரைந்து ஒட்டினான். படம் அமர்க்களமாக வந்தது. இயக்குநர் அம்மா எழுந்து நின்று கைதட்டினாள்.

டிவியில் விளம்பரம் வந்தபோது மகள் திரைக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தாள்.

"அது என் கை இல்லையே."

மறுநாள் அவன் படத்தை ஒட்டி எடுத்து வந்தான். எவ்வளவு நுணுக்கமாக ஒட்டியும் வெட்டிய இடம் வெள்ளைக் கோடாகப் பல்லிளித்தது. மனைவி அதைப் பார்த்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள்.

"நான் கையை விடவே இல்லப்பா" என்றாள் மகள். அழவில்லை. அழுதிருந்தால் தூக்கி வைத்துச் சமாதானமாவது சொல்லியிருக்கலாம். அவனுக்குத் தன் கையையே பிடிக்கவில்லை.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் புதுத்தாளோடு வந்தாள். அவன் மடியில் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றாள். அதே மூன்று பேர். ஆனால் ஆளுக்கு ஆள் எட்டி நின்றார்கள். தலை தனி, உடம்பு தனி, கையும் காலும் தனித்தனியாக, நடுவில் தாராளமாக இடம் விட்டு வரைந்திருந்தாள்.

"ஏன்மா இப்படி வரைஞ்சே?"

"வெட்டறப்போ யாரோட கையும் யார்கிட்டயும் போயிடக் கூடாதுல்ல? அதான் நானே பிரிச்சு வரைஞ்சுட்டேன். ஆபீசுக்கு எடுத்துட்டுப் போங்கப்பா."

"முன்ன மாதிரி கை கோத்து ஒண்ணு வரைஞ்சு தாயேன். அப்பா அதைத் தொடவே மாட்டேன்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு, பெரிய மனுஷி மாதிரி அவன் தோளைத் தட்டிக்கொடுத்தாள்.

"வேணாம்பா. உங்களுக்குத்தான் வேலை அதிகமாகும்."